விளம்பரத்துக்குப் பதில் எழுதுவது எப்படி? முதல் வேலை தேடுவோருக்கான அறிமுகக் கடித வழிகாட்டி

பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் தற்குறிப்பும் விண்ணப்பக் கடிதமும் சரிபார்த்துக் கொடுத்து வருகிறேன். என் கைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விதமாகவே தொடங்குகின்றன. தாம் வசதி குறைந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்றும், பி.டி.பி.டி.என். கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கிறது என்றும், கருணை கூர்ந்து ஒரு வாய்ப்பளித்தால் விசுவாசமாக உழைப்பேன் என்றும் அவை சொல்கின்றன. தோட்டத்தில் கிராணி என்ற எழுத்தரைப் பிடித்து, நிர்வாகியான துரைக்கு மனு எழுதிய காலத்து நடை, இரண்டு மூன்று தலைமுறை கடந்தும் நம் விரல்களை விட்டுப் போகவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் அமர்ந்திருப்பவர் துரை அல்லர். நிரப்ப வேண்டிய ஓர் இடமும், அதை விரைவில் நிரப்பச் சொல்லி நெருக்கும் ஒரு மேலாளரும் உள்ள சாதாரண ஊழியர் அவர். விளம்பரத்தின் வழியே அவர் சில கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விகளுக்குச் சான்றோடு பதில் சொல்லும் கடிதத்தையே அவர் தேடுகிறார். உங்கள் குடும்பத்தின் கஷ்டம் உண்மையானதுதான், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. என்றாலும் அவர் கேட்ட கேள்விகளில் எதற்கும் அது பதிலாகாது.

கடிதம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை

தற்குறிப்பு நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்பதைப் பட்டியலிடும். கவர் லெட்டர் என்று வழங்கப்படும் அறிமுகக் கடிதம், அந்தப் பட்டியலில் எந்த இரண்டு மூன்று செய்திகள் இந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பொருந்துகின்றன என்பதை எடுத்துக்காட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்திலோ மலாயிலோ முந்நூறு சொற்கள் தாராளமாகப் போதும்.

பொதுச் சேவை ஆணையத்தின் வழி அரசாங்க வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் இணையப் பதிவைச் செய்தால் போதும், அங்கே இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. ஜாப்ஸ்ட்ரீட் போன்ற தளங்களில் தற்குறிப்பை மட்டும் அனுப்பிவிட்டு நகரவும் முடியும். மின்னஞ்சலில் நேரடியாக விண்ணப்பிக்கும்போதும், பத்துப் பதினைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு எழுதும்போதும், படித்த துறை ஒன்றாகவும் விண்ணப்பிக்கும் துறை வேறாகவும் இருக்கும்போதும் கடிதம் உண்மையாகவே பயன் தரும். கடைசியாகச் சொன்ன நிலையில் அது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனெனில் கணக்கியல் படித்தவர் ஏன் சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு வருகிறார் என்பதைத் தற்குறிப்பு ஒருநாளும் விளக்காது.

முதலில் விளம்பரத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் விளம்பரம் கேட்பவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதற்கு உங்கள் வாழ்க்கையில் இருக்கும் சான்றை எழுதுங்கள். கடிதத்தின் பாதி வேலை இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மின்னணுப் பொறியியலில் டிப்ளோமா முடித்த ஒரு பெண், பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். விளம்பரம் டிப்ளோமாவையும், சுழற்சி முறை வேலைக்கான இசைவையும், தரவுகளைப் பதிவு செய்யும் பழக்கத்தையும், குழுவோடு இணைந்து பணியாற்றும் திறனையும் கேட்கிறது. டிப்ளோமாவுக்கு நேரே பாலிடெக்னிக் பெயரும் ஆண்டும் வந்துவிடும். தரவுகளுக்கு நேரே, நான்கு மாதத் தொழிற்பயிற்சியில் சர்க்கியூட் போர்டுகளின் சால்டரிங் குறைகளை நுண்ணோக்கியில் பார்த்து எக்செல் அட்டவணையில் பதிந்த வேலை வரும். குழுப்பணிக்கு நேரே எழுத ஒன்றுமில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்குவார்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தங்கள் கையிலிருக்கும் நல்ல சான்றை மறைத்துவிடுகிறார்கள். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் இளைஞர் குழு போட்ட தண்ணீர்ப் பந்தலுக்கு மூன்று ஆண்டுகள் சரக்குக் கணக்குப் பார்த்திருப்பார். எத்தனை பெட்டி பானம் வந்தது, எந்த நேரத்தில் தீர்ந்தது, இரவு முறைக்கு யார் யார் நிற்பது என்று ஓர் அட்டவணையே போட்டு நடத்தியிருப்பார். கேட்டால், அது கோயில் வேலைதானே என்பார். கூட்ட நெரிசலில், தூக்கமில்லாத இரவில், இருபது பேரைக் கொண்டு ஒரு வேலையைக் குழப்பமில்லாமல் முடித்திருப்பது எந்தத் தொழிற்சாலை மேலாளருக்கும் புரியக்கூடிய சான்று. மாமாவின் கடையில் வார இறுதிகளில் கல்லாவைப் பார்த்துக்கொண்டதும் அப்படியே. சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. செய்த வேலையையும் அதன் அளவையும் எழுதினால் போதும்.

வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கும் வரி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவற்றுக்காக மனம் தளர வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம். விளம்பரத்தில் மாண்டரின் கேட்டிருந்து, அது உங்களுக்குத் தெரியாமல், ஆனால் பினாங்குப் பிள்ளைகள் பலரைப் போல ஹொக்கியன் பேச வருமென்றால், அன்றாட உரையாடல் அளவுக்கு ஹொக்கியன் பேசுவேன் என்று உள்ளபடியே எழுதுங்கள். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

நிறுவனம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணிபுரிய ஆவலாக உள்ளேன்' என்ற வரியை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். ஆகவே எந்த நிறுவனத்துக்கும் அது பயன்படாது. 1972-இல் இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் வரத் தொடங்கியதிலிருந்து பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியிருக்கின்றன. இன்று அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்றில் சிப்புகளைப் பொருத்திச் சோதிப்பார்கள். இன்னொன்றில் மருத்துவக் கருவிகள் செய்வார்கள். சிப்புத் தொழிற்சாலையில் தூசியில்லா அறையின் ஒழுங்கும், நிலைமின்சாரம் பாயாமல் காக்கும் முறையும் முதன்மையானவை. மருத்துவக் கருவித் தொழிற்சாலையில் ஐ.எஸ்.ஓ. 13485 தரமுறையின்படி ஒவ்வொரு செயலுக்கும் பதிவு இருந்தாக வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பெண் முதல் வகைத் தொழிற்சாலைக்கு எழுதும்போது நுண்ணோக்கி வேலையை முன்னே வைக்கலாம். இரண்டாவது வகைக்கு எழுதும்போது ஒரு பதிவையும் தவறவிடாமல் அட்டவணையில் ஏற்றியதை முன்னே வைக்கலாம். அனுபவம் ஒன்றுதான், வரிசை மட்டும் மாறுகிறது.

கோலாலம்பூரில் பங்சார் சவுத் பக்கம் இருக்கும் சேவை மையங்களுக்கு எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். அந்த மையம் எந்த நாட்டு வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்கிறது என்று பாருங்கள். சென்னையோடோ சிங்கப்பூரோடோ தொடர்பிருந்தால், தமிழ் எழுதவும் பேசவும் தெரியும் என்பது முதல் பத்தியிலேயே இடம்பெற வேண்டிய தகுதியாகிவிடும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அரை மணி நேரம் செலவிட்டால் இவை கிடைத்துவிடும்.

மொழியும் விளிப்பும்

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். மலாயில் எழுதும்போது இடைநிலைப்பள்ளியில் கற்ற அதிகாரபூர்வக் கடித அமைப்பு கைகொடுக்கும்: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, தேதி, துவான் அல்லது புவான் என்ற விளிப்பு, தடித்த எழுத்தில் பதவியின் பெயரோடு தலைப்பு, இரண்டாம் பத்தியிலிருந்து எண்ணிடுதல், இறுதியில் 'செகியான், தெரிமா காசே', அதன் கீழே 'யாங் பெனார்'. ஆங்கிலக் கடிதத்தில் பத்திகளுக்கு எண் இடுவதில்லை. பெயர் தெரியாமல் பொதுவாக விளித்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்றும், பெயர் சொல்லி விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடிப்பது மரபு. இரண்டு அமைப்புகளையும் கலந்து எழுதிய கடிதம் படிப்பவரின் கண்ணில் உடனே உறுத்தும்.

பெயர் தெரிந்தால் பெயர் சொல்லியே விளியுங்கள், ஆனால் நம் நாட்டில் அதில் கவனம் வேண்டும். மலாய்க்காரர் பெயரில் பின், பிந்தி என்பவற்றுக்குப் பின்னால் வருவது தந்தையின் பெயர். ஆகவே என்சிக், புவான் என்பவற்றோடு அவருடைய சொந்தப் பெயரையே சேர்க்க வேண்டும். சீனர் பெயரில் குடும்பப் பெயர் பெரும்பாலும் முதலில் வரும். லிம் என்று தொடங்கும் பெயருக்குரியவரை மிஸ்டர் லிம் என்று விளிப்பதே முறை. நம்மவர் பெயரிலும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பின்னால் இருப்பது தந்தையின் பெயரே என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் நாமே அதை மறந்து தந்தையின் பெயரைச் சொல்லி மகளை விளிப்பதைப் பார்த்திருக்கிறேன். டத்தோ போன்ற பட்டம் உள்ளவருக்கு மிஸ்டர், என்சிக் என்று எதுவும் சேர்க்காமல் பட்டத்தையே எழுத வேண்டும். ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகிக்காமல் பொது விளிப்பையே பயன்படுத்துங்கள்.

கடிதத்தின் உடல்

முதல் பத்தியில் எந்தப் பதவி, எங்கே விளம்பரம் கண்டீர்கள், உங்கள் வலுவான சான்று எது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பலர் 'நான் மேற்கண்ட பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன்' என்ற வாக்கியத்தோடு முதல் பத்தியை முடித்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கிறீர்கள் என்பது கடிதம் வந்ததிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் பத்தியில் தாளின் வலப்பக்கத்திலிருந்து இரண்டு சான்றுகளை, எண்ணும் அளவும் சேர்த்து விரித்து எழுதுங்கள். மூன்றாம் பத்தியில் ஏன் இந்த நிறுவனம் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். கடைசியில் எப்போது வேலையில் சேர முடியும், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பதைச் சொல்லி நிறுத்துங்கள்.

நம் எடுத்துக்காட்டுப் பெண் ஆங்கிலத்தில் எழுதவிருக்கும் கடிதத்தின் பொருளைத் தமிழில் தருகிறேன்.

'டெக்னீஷியன் பணிக்கான தங்கள் விளம்பரத்தை மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் கண்டேன். மின்னணுப் பொறியியலில் டிப்ளோமா பெற்றுள்ள நான், சர்க்கியூட் போர்டுகளில் சால்டரிங் குறைகளைக் கண்டறிந்து பதிவு செய்யும் பணியை நான்கு மாதத் தொழிற்பயிற்சியில் நாள்தோறும் செய்துள்ளேன்.

பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 போர்டுகளை நுண்ணோக்கியில் சோதித்து, குறைகளை வகைவாரியாக எக்செலில் பதிந்தேன். ஒரே வகைக் குறை தொடர்ந்து மூன்று நாள் வந்ததை அட்டவணையிலிருந்து கவனித்து மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சால்டரிங் இயந்திரத்தின் ஒரு முனை தேய்ந்திருந்தது தெரிய வந்தது. இதைத் தவிர, ஆண்டுதோறும் ஒரு பொதுவிழாவில் 20 தன்னார்வலர்களுக்கு இரவுப் பணி அட்டவணையும் பொருள் இருப்புக் கணக்கும் மூன்று ஆண்டுகள் பார்த்துள்ளேன்.

தங்கள் தொழிற்சாலை உற்பத்தியோடு சோதனைப் பிரிவையும் ஒரே இடத்தில் நடத்துவதை இணையப் பக்கத்தில் படித்தேன். குறை எங்கே தோன்றுகிறது என்பதை அடிவரை தேடிப் பார்க்கும் வேலையையே நான் விரும்புகிறேன்.

சுழற்சி முறையில் பணியாற்ற இசைகிறேன். பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், போக்குவரத்துக்குச் சொந்த ஏற்பாடு உள்ளது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பணியில் சேர இயலும்.'

இதில் கடின உழைப்பாளி, நேர்மையானவர், விரைவாகக் கற்பவர் என்ற சொற்கள் எங்கும் இல்லை என்பதைப் பாருங்கள். தேய்ந்த முனையைப் பற்றிய வாக்கியம் அவற்றை எல்லாம் தானாகவே சொல்லிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் அத்தகைய ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். நீங்கள் கவனித்தது, நீங்கள் செய்தது, அதனால் நேர்ந்தது ஆகிய மூன்றும் அதில் வர வேண்டும். அதை நினைவுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கடைசிப் பத்தியில் இருக்கும் போக்குவரத்துச் செய்தியையும் அற்பமாக எண்ண வேண்டாம்: கடல் தாண்டித் தீவுக்கு வேலைக்கு வரும் ஒருவர் இரவு முறைக்கு எப்படி வந்து சேர்வார் என்பது மனிதவளப் பிரிவுக்கு நிஜமான கவலை.

சாட்ஜிபிடியைக் கொண்டு முழுக் கடிதத்தையும் எழுதி வாங்குவோர் இப்போது மிகுந்துவிட்டனர். இலக்கணத்தைத் திருத்திக்கொள்ள அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உங்கள் தொழிற்பயிற்சியில் எந்த முனை தேய்ந்திருந்தது என்பது அதற்குத் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எழுதக் கூடாதவையும் சொல்லத் தயங்குபவையும்

அடையாள அட்டை எண்ணைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியையும் அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் காட்டிவிடும். வேலை உறுதியாகும்வரை அந்த எண் யாருக்கும் தேவையில்லை. சமயம், திருமண நிலை, பெற்றோரின் தொழில் ஆகியவையும் அப்படியே. எதிர்பார்க்கும் சம்பளத்தை விளம்பரம் கேட்டால் மட்டும், ஒரே தொகையாகவோ குறுகிய இடைவெளியாகவோ எழுதுங்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே ஒரு தொகையை எழுதி உங்களை நீங்களே மலிவாக்கிக்கொள்ள வேண்டாம்.

சி.ஜி.பி.ஏ. என்ற ஒட்டுமொத்தத் தேர்ச்சிப் புள்ளி குறைவாக இருந்தால் அதைப் பற்றி மன்னிப்புக் கேட்கும் பத்தி ஒன்றை எழுதாதீர்கள். விளம்பரம் 3.00 கேட்டு, உங்களிடம் 2.85 இருந்தால், தற்குறிப்பில் உள்ளபடி போட்டுவிட்டு, அந்த வேலைக்கு நேராகப் பொருந்தும் பாடத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தால் அந்த ஒன்றைக் கடிதத்தில் சொல்லுங்கள். நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு வீட்டிலிருந்தவர், 'குடும்பப் பொறுப்பின் காரணமாக' என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, இப்போது முழுநேரம் பணியாற்ற இயலும் என்று முடிக்கலாம்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், வேலையை விடுமுன் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலத்தைச் சரியாக எழுத வேண்டும். முதலில் உங்கள் நியமன ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். உடனே சேர முடியும் என்று எழுதிவிட்டுப் பிறகு இரண்டு மாதம் கேட்பவரை யாரும் விரும்புவதில்லை.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

என்னுடைய இருபத்திரண்டாம் வயதில் ஒரே நாளில் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்துக்குப் போன கடிதத்தின் மூன்றாம் பத்தியில், அதன் போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அங்கே பணிபுரிவதே என் கனவு என்று எழுதியிருந்தேன். அனுப்பிய மறுநாள்தான் கண்ணில் பட்டது. பதில் வரவேயில்லை என்று சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து நிறுவனத்தின் பெயர், பதவியின் பெயர், விளிக்கும் பெயர் ஆகிய மூன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன். கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியங்கள் அப்போது தாமே பிடிபடும்.

கடிதத்தையும் தற்குறிப்பையும் பி.டி.எஃப். ஆக மாற்றி, கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். 'ஃபைனல் 3' என்ற பெயரில் வரும் கோப்பு தேடும்போது அகப்படாது. மின்னஞ்சலின் தலைப்பில் பதவியும், விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அதுவும் வரட்டும். மின்னஞ்சலின் உள்ளே ஒன்றும் எழுதாமல் கோப்புகளை மட்டும் இணைப்பது, வீட்டு வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடுவது போலிருக்கும். யார், எந்த வேலைக்கு, என்னென்ன இணைத்திருக்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். புலனத்தின் (வாட்ஸ்அப்) வழி விண்ணப்பிக்கச் சொல்லும் சிறு கடைகளுக்கும் அதே மூன்று வரி போதும்; குரல் பதிவு அனுப்ப வேண்டாம்.

விளம்பரத்தைப் படம் பிடித்து, அனுப்பிய கடிதத்தோடு ஒரே கோப்புறையில் வைத்திருங்கள், ஏனெனில் இறுதி நாள் முடிந்ததும் தளத்திலிருந்து விளம்பரம் மறைந்துவிடக்கூடும். இரண்டு வாரம் கழித்தும் செய்தி இல்லையென்றால், விண்ணப்பித்த தேதியைக் குறிப்பிட்டு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், முந்தைய இரவு அந்தக் கோப்புறையைத் திறந்து கடிதத்தை மறுபடி படியுங்கள். எதிரே அமர்ந்திருப்பவர், எண்பது போர்டுகள் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வகைக் குறை அதிகம் வந்தது என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்.